நிறுவனங்களின் மனித உரிமை உறுதிமொழியைப் படிப்பது எப்படி

பெரிய நிறுவனம் எதன் இணையதளத்தைத் திறந்தாலும், பக்கத்தின் அடியில் எங்காவது "மனித உரிமைக் கொள்கை" என்றோ "வழங்குநர் நடத்தை விதிகள்" என்றோ "நவீன அடிமைத்தன அறிக்கை" என்றோ ஓர் ஆவணம் இருக்கும். அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர எண்ணுபவர், அதற்குப் பொருள் செய்துகொடுக்கும் ஆலையில், அதாவது வழங்குநரிடம், உழைப்பவர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், அதன் பங்குகளை வாங்குபவர், அதைப் பற்றி எழுதும் செய்தியாளர் எனப் பலருக்கும் அதைப் படிக்க வேண்டிய தேவை எப்போதாவது வரும். படிப்பவர்களில் சிலர் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் எல்லாம் கண்துடைப்பு என்று மூடிவைத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். எழுதியதை நிறுவனம் மீறினால் யார், எங்கே, எதைக் காட்டி அதைக் கேட்க முடியும் என்ற கேள்வியோடு படித்தால், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஆவணங்களுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு புலப்படும். அப்படிப் படிக்கும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

அளவுகோல்

எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இத்துறையில் எல்லோரும் சுட்டுவது, தொழில் நிறுவனங்களும் மனித உரிமைகளும் குறித்த ஐ.நா. வழிகாட்டுக் கோட்பாடுகளை. ஜான் ரக்கி என்ற பேராசிரியர் ஐ.நா. பொதுச் செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்து உருவாக்கிய இந்த 31 கோட்பாடுகளை ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011 ஜூன் மாதம் ஏற்றுக்கொண்டது. மக்களின் உரிமைகளைக் காப்பது அரசின் கடமை, அவற்றை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, மீறல் நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பவை இவற்றின் மூன்று தூண்கள். இவை சட்டம் அல்ல. ஆயினும் பின்னாளில் பல நாடுகளில் வந்த சட்டங்கள் இவற்றின் அடிப்படையிலேயே எழுதப்பட்டன.

உறுதிமொழி எப்படி இருக்க வேண்டும் என்பதை 16ஆவது கோட்பாடு வரையறுக்கிறது. நிறுவனத்தின் மிக உயர்ந்த மட்டத்தில் அது ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். துறை அறிந்தவர்களின் துணையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊழியரிடமும் வணிகப் பங்காளிகளிடமும் எதை எதிர்பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டு, உரியவர்களுக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும். அன்றாட வேலைமுறைகளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். முதல் நான்கையும் திறமையான மக்கள் தொடர்புத் துறை ஒன்றே நிறைவேற்றிவிடலாம். ஐந்தாவது நிபந்தனைக்குத்தான் பணமும் உழைப்பும் வேண்டும், ஆகவே நம் கவனமும் அதிலேயே நிற்க வேண்டும்.

பணியிட உரிமைகளுக்கு அளவுகோல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1998 பிரகடனம். சங்கம் சேரும் உரிமையும் கூட்டுப் பேரமும், கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிப்பு, வேலையில் பாகுபாடின்மை என்ற நான்கும் அதில் இருந்தன; 2022இல் பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. கையில் உள்ள ஆவணம் இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். நான்கை மட்டும் சொன்னால் அது 2022க்குப் பிறகு எவராலும் திறந்து பார்க்கப்படாத ஆவணமாக இருக்கலாம். ஊதியமும் வேலை நேரமும் இந்த ஐந்தில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றைத் தனியே தேட வேண்டும்.

படிக்க வேண்டியவற்றை ஒன்றுசேர்த்தல்

கொள்கை அறிக்கை ஒன்றை மட்டும் படிப்பதால் பயன் குறைவு. வழங்குநர் நடத்தை விதிகள், ஆண்டு நிலைத்தன்மை அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றியது), சட்டப்படி வெளியிட வேண்டிய அறிக்கைகள், வழங்குநர் பட்டியல், புகார் வழிமுறை பற்றிய பக்கம் ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய ஆண்டுகளின் பதிப்புகளையும் தேடுங்கள். சென்ற ஆண்டு இருந்த இலக்கு இந்த ஆண்டு சத்தமில்லாமல் காணாமற்போயிருப்பதும், "2025க்குள் அனைவருக்கும்" என்றிருந்தது "2030க்குள் முன்னுரிமை இடங்களில்" என்று மாறியிருப்பதும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

யாருக்குப் பொருந்தும், எந்த வினைச்சொல்லில்

முதல் வாசிப்பில் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உறுதிமொழி எவரை உள்ளடக்குகிறது என்பது. "எங்கள் ஊழியர்கள்" என்று மட்டும் சொன்னால், நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் நேரடியாக இருப்பவர்களோடு அது நின்றுவிடுகிறது. ஒரு பொருள் உருவாகும்போது அதில் கை வைப்பவர்களில் அவர்கள் சிறு பகுதியினர். ஒப்பந்தத் தொழிலாளர், முகவர் வழியே வந்தவர், வழங்குநரின் ஆலையில் இருப்பவர், அந்த வழங்குநர் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் துணை ஒப்பந்ததாரரிடம் இருப்பவர், வீட்டிலிருந்தே துண்டு வேலை செய்பவர், மூலப்பொருள் விளையும் வயலிலோ சுரங்கத்திலோ இருப்பவர் என்று சங்கிலி நீள்கிறது. நிறுவனம் நேரடியாக வாங்கும் முதல் அடுக்கு வழங்குநரோடு நிற்கும் உறுதிமொழி, பெரும்பாலும் ஆபத்து தொடங்கும் இடத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, வினைச்சொற்கள். "மதிப்போம்", "கொடுப்போம்", "வெளியிடுவோம்" என்பவை ஒருவகை. "முயல்வோம்", "ஊக்குவிப்போம்", "எதிர்பார்க்கிறோம்" என்பவை வேறுவகை. நிறுவனம் தன்னைப் பற்றிப் பேசும்போது "முயல்வோம்" என்றும், வழங்குநரைப் பற்றிப் பேசும்போது "கட்டாயம் செய்ய வேண்டும்" என்றும் எழுதியிருந்தால், பாரம் முழுவதும் சங்கிலியில் கீழே இருப்பவர் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். "உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும் அளவில்", "வணிக ரீதியில் இயன்றவரை", "வழக்கத்துக்கு மாறான சூழல் தவிர" போன்ற தொடர்களுக்கு அடிக்கோடிடுங்கள். சங்கம் சேரும் உரிமையைச் சட்டமே மறுக்கும் நாட்டில் முதல் தொடர் எதையும் விட்டுவைப்பதில்லை. அத்தகைய இடங்களில் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு வழி செய்ய வழங்குநர் தடையாக இருக்கக் கூடாது என்று ஆவணம் மேற்கொண்டு சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யாருக்கு ஏற்படும் ஆபத்தைப் பற்றி ஆவணம் பேசுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. ஐ.நா. கோட்பாடுகள் கேட்பது மனிதர்களுக்கு நேரக்கூடிய கேடுகளில் எது மிகக் கடுமையானது என்ற வரிசையை. பல அறிக்கைகளோ நற்பெயர் கெடுவதையும் சரக்கு தாமதப்படுவதையும் வழக்குச் செலவையும் "மனித உரிமை ஆபத்து" என்ற தலைப்பின் கீழ் பட்டியலிடுகின்றன. அந்தத் தலைப்பில் தொழிலாளி ஒருவர்கூட வராவிட்டால், எழுதியவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்பது விளங்கிவிடும்.

ஊதியம், நேரம், கடன்

உறுதிமொழி எந்த அளவு ஆழமானது என்பதை அறிய, ஊதியப் பத்தியை மட்டும் படித்தாலே பெரும்பாலும் போதும். "சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் அல்லது துறையில் நிலவும் ஊதியம், இவற்றில் எது அதிகமோ அது" என்பதே வழக்கமான வாசகம். சட்டத்தை மீற மாட்டேன் என்று சொல்வது உறுதிமொழியே ஆகாது. அது எல்லோருக்கும் உள்ள கடமை. பல நாடுகளில் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் விலைவாசிக்குப் பின்னே தங்கிவிடுகிறது. உணவு, வீடு, மருத்துவம், கல்வி, எதிர்பாராத செலவு ஆகியவற்றைத் தொழிலாளியும் குடும்பமும் தாங்கும் அளவுக்கு, வழக்கமான வேலை நேரத்துக்குள்ளேயே ஈட்டக்கூடிய தொகையை வாழ்க்கைக்குப் போதுமான ஊதியம் என்கிறோம். இதை எப்படிக் கணக்கிடுவது, எப்படி எட்டுவது என்பது பற்றிய உடன்பாட்டைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக் குழு 2024 மார்ச்சில் ஏற்றது. ஆகவே இதற்கு வரையறை இல்லை என்று இனி ஒரு நிறுவனம் சொல்ல இடமில்லை. போதுமான ஊதியம் பற்றி ஆவணம் பேசினால், எந்தக் கணக்கீட்டு முறை, எந்த இடங்களில், எந்த ஆண்டுக்குள், இன்றைய ஊதியத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்ற நான்கையும் கேளுங்கள். இடைவெளியை வெளியிடும் நிறுவனங்கள் மிகச் சில. வெளியிடுபவை அதற்காகவே மதிக்கத் தக்கவை, இடைவெளி பெரிதாக இருந்தாலும்.

வேலை நேரத்தில் 60 மணி என்ற எண்ணை அடிக்கடி காண்பீர்கள். வாரத்துக்கு 48 மணி என்பது 1919ஆம் ஆண்டின் முதல் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே உள்ள எல்லை. ஓவர்டைம் உட்பட 60 என்பது துறைசார் நடத்தை விதிகளில் பரவிய எண். அதோடு "அவசர அல்லது வழக்கத்துக்கு மாறான சூழல் தவிர" என்ற விலக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்டர் குவியும் பருவம் ஆண்டுதோறும் வருவதுதான், எனினும் அதுவும் இந்த விலக்கில் நுழைந்துவிடுகிறது. ஓவர்டைம் தொழிலாளியின் விருப்பப்படிதானா, மறுத்தால் தண்டனை இல்லையா, இரட்டிப்புக் கூலி போன்ற கூடுதல் விகிதம் உண்டா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

வேறு ஊரிலிருந்தோ நாட்டிலிருந்தோ வேலைக்கு வருபவர்கள் இருக்கும் துறையானால், ஆளெடுப்புக் கட்டணம் பற்றிய வரியைத் தேடுங்கள். முகவருக்குக் கொடுத்த பணம், விசா, பயணம், மருத்துவப் பரிசோதனை எனக் கடன் வாங்கிக்கொண்டு வந்த தொழிலாளி, எவ்வளவு மோசமான இடமாக இருந்தாலும் கடன் தீரும்வரை வெளியேற முடியாது. 2021இல் உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் மதிப்பிட்டனர். சங்கிலி போட்டுக் கட்டாமலேயே மனிதரைக் கட்டிவைக்கும் வழிகளில் இந்தக் கடன் முக்கியமானது, கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்வது இன்னொன்று. ஆளெடுப்புச் செலவு முழுவதையும் வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நெறி. நல்ல உறுதிமொழி இதோடு நிற்காமல், ஏற்கெனவே கட்டணம் கொடுத்தவர்களுக்கு அதைத் திருப்பித் தருவதாகவும், எவ்வளவு பேருக்கு எவ்வளவு தரப்பட்டது என்று ஆண்டுதோறும் வெளியிடுவதாகவும் சொல்லும்.

கொள்முதல் துறையின் மேசை

பெரும்பாலான வாசகர்கள் தாண்டிச் செல்வது இந்தப் பகுதியை. மனித உரிமைக் கொள்கையை எழுதுவது ஒரு துறை. விலையும் தேதியும் பேசி ஆர்டர் கொடுப்பது வேறு துறை. இரண்டாவது துறையின் ஊழியருக்கு ஊக்கத்தொகை எதற்குக் கிடைக்கிறது? விலையைக் குறைத்ததற்கு மட்டுமே என்றால், முதல் துறை எழுதியது தரையைத் தொடப்போவதில்லை. அடக்க விலைக்கும் கீழே ஆர்டரை ஏற்றுக்கொண்ட ஆலை, கூலியிலோ பாதுகாப்பிலோதான் அதைச் சரிக்கட்டும்; கடைசி வாரத்தில் வடிவமைப்பை மாற்றிவிட்டுத் தேதியை மாற்றாத வாங்குபவர், இரவு வேலையைத் தாமே ஆணையிட்டதற்குச் சமம். அதே வாங்குபவர் பின்னர் அதிக ஓவர்டைம் என்று ஆலையின் மேல் குறை எழுதுவதும் உண்டு.

2020இல் கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. தைத்து முடித்த, தைத்துக்கொண்டிருந்த ஆடைகளுக்கான ஆர்டர்களைக்கூடப் பல பெரிய நிறுவனங்கள் ரத்து செய்தன அல்லது பணத்தை நிறுத்தின. இவற்றுள் பலவற்றின் இணையதளங்களில் அப்போதும் மனித உரிமைக் கொள்கை இருந்தது. ஒப்பந்தங்கள் வாங்குபவரின் கையில் எல்லா உரிமையையும் வைத்திருந்ததால், ஆலைகளால் கேட்க முடியவில்லை. தொழிலாளர் பலர் செய்த வேலைக்குக் கூலி இல்லாமல் வீடு திரும்பினர்.

ஆகவே ஆவணத்தில் தேட வேண்டியவை இவை: ஆர்டரை ரத்து செய்தால் செய்த வேலைக்கும் வாங்கிய பொருளுக்கும் பணம் தரப்படுமா, கூலிச் செலவு விலைப்பேச்சிலிருந்து தனியே ஒதுக்கிவைக்கப்படுகிறதா, பணம் எத்தனை நாளில் தரப்படும், ஒரு வழங்குநரை விட்டு விலகும்போது எவ்வளவு முன்னறிவிப்பு, தொழிலாளருக்குச் சேர வேண்டிய தொகைகள் தரப்பட்டதை யார் உறுதி செய்வது. "மீறல் கண்டால் உடனே உறவை முறித்துக்கொள்வோம்" என்ற வரி கடுமையாகவும் நேர்மையாகவும் ஒலிக்கும். நடைமுறையில் அது, மீறலை வெளியே சொன்ன தொழிலாளியின் வேலையைப் பறித்து, அடுத்த முறை எவரும் வாய் திறக்காமல் செய்துவிடக்கூடும். திருத்துவதற்கு அவகாசமும் உதவியும் தந்து, கடைசி வழியாக மட்டும் விலகுவதே கோட்பாடுகள் காட்டும் பாதை.

தணிக்கை சொல்லாமல் விடுவது

எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தரும் பதில் சமூகத் தணிக்கை. வெளியார் நிறுவனம் ஒன்று ஓரிரு நாள் ஆலைக்கு வந்து, பதிவேடுகளைப் பார்த்து, சிலரிடம் பேசி, பட்டியலில் குறியிட்டுச் செல்வதே இதன் பொது வடிவம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலையில் 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தபோது, வெளியேறும் வழிகள் பூட்டியும் ஜன்னல்கள் கம்பியிட்டும் இருந்த அந்தக் கட்டிடத்தில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். அங்கிருந்த சில ஆலைகளும் தணிக்கை கண்டவையே. ஆனால் கட்டிடத்தின் உறுதியைச் சோதிப்பது அத்தணிக்கைகளின் வரம்பில் இல்லை. முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது, கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. ஆலைத் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு வரும்படி வற்புறுத்தப்பட்டனர். மறுத்தால் கூலி போகும் என்ற நிலையில், கூட்டாக நின்று "உள்ளே போக மாட்டோம்" என்று சொல்ல அவர்களுக்குச் சங்கம் இருக்கவில்லை.

இந்த இரண்டையும் நினைவில் கொண்டு தணிக்கைப் பகுதியைப் படியுங்கள். வருகை முன்கூட்டியே சொல்லப்படுகிறதா, தணிக்கைக்குப் பணம் தருபவர் ஆலை முதலாளியா, தொழிலாளரோடு ஆலைக்கு வெளியே அவர்கள் மொழியில் பேசப்படுகிறதா, சங்கம் இருந்தால் அதற்கு அறிக்கை காட்டப்படுகிறதா, அறிக்கை வெளியிடப்படுகிறதா என்பவை கேள்விகள். முன்னறிவிப்போடு வரும் தணிக்கைக்கு இரட்டைப் பதிவேடும் பதில் சொல்லக் கற்றுத் தரப்பட்ட தொழிலாளரும் தயாராக இருப்பது துறையில் எவருக்கும் புதிய செய்தி அல்ல.

எண்களையும் சந்தேகத்தோடு அணுகுங்கள். "98 சதவீத இணக்கம்" என்றால் எதன் 98 சதவீதம்? "10,000 பேருக்குப் பயிற்சி" என்பது நிறுவனம் செய்த செயலைச் சொல்கிறது. அதனால் எவருக்கு எது மாறியது என்பதைச் சொல்வதில்லை. பல அடுக்குச் சங்கிலியில் ஒரு மீறலும் இல்லை என்று அறிவிக்கும் அறிக்கையைவிட, இத்தனை மீறல்களைக் கண்டோம், இத்தனை தீர்ந்தன, இத்தனை இன்னும் தீரவில்லை என்று சொல்லும் அறிக்கையையே நான் நம்புவேன். சிரிக்கும் தொழிலாளர் படங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் படங்கள் மிகுந்து எண்கள் குறையும் அறிக்கைகள் ஏராளம்.

வழங்குநர் பட்டியல் இங்கே பெரிதும் உதவும். எந்த ஆலையில் தைக்கிறோம் என்பது வணிக ரகசியம் என்று துறை முழுவதும் சொல்லிவந்த காலத்தில், 2005இல் நைக்கி தன் ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிட்டது. அதனால் அந்த நிறுவனம் போட்டியில் தோற்றுவிடவில்லை. இன்று ஆடைத் துறையில் இது பரவலாகிவிட்டது. பெயர், முகவரி, தொழிலாளர் எண்ணிக்கை, எந்தப் பொருள் என்பவற்றோடு பட்டியல் இருந்தால், ஆலையில் இருப்பவர் தாம் யாருக்காக உழைக்கிறோம் என்பதை அறிந்து அங்கேயே புகார் செய்ய முடியும். பட்டியல் இல்லாத உறுதிமொழியைச் சரிபார்க்க வெளியில் இருப்பவருக்கு வழியே இல்லை.

யாரால் கேட்க முடியும்

ராணா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதம் உருவான வங்கதேசத் தீ மற்றும் கட்டிடப் பாதுகாப்பு உடன்படிக்கை வேறு வகையான உறுதிமொழி. நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. தனிப் பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தனர், முடிவுகள் ஆலைவாரியாக வெளியிடப்பட்டன, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு உறுதி செய்யப்பட்டது. கையெழுத்திட்ட நிறுவனம் தன் பங்கைச் செய்யாவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற விதியும் அதில் இருந்தது. தொழிற்சங்கங்கள் அதைப் பயன்படுத்தவும் செய்தன: அப்படித் தொடுத்த வழக்கு ஒன்றில், பன்னாட்டு நிறுவனம் ஒன்று 2018 ஜனவரியில் ஆலைச் சீரமைப்புக்காக 20 இலட்சம் டாலருக்கும் அதிகமான தொகை தர ஒப்புக்கொண்டது. தானே எழுதித் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் கொள்கை எதிலும் இப்படி நடக்க வழியில்லை. நீங்கள் படிக்கும் நிறுவனம் தொழிற்சங்கக் கூட்டமைப்பு எதனோடாவது இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று தேடுவது, கொள்கையின் அழகான பத்திகளைப் படிப்பதைவிடப் பயனுள்ள அரை மணி நேரம்.

புகார் வழிமுறையைச் சோதிக்க ஐ.நா. கோட்பாடுகளில் 31ஆவது உதவும். எளிதில் அணுகத்தக்கதாகவும் முன்கூட்டி அறியத்தக்கதாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்பன போன்ற எட்டு அளவைகளை அது தருகிறது. நடைமுறையில் நீங்களே அந்தத் தொலைபேசி எண்ணையோ படிவத்தையோ திறந்து பாருங்கள். தொழிலாளர் பேசும் மொழிகள் உள்ளனவா? பெயர் சொல்லாமல் புகார் செய்யலாமா? பழிவாங்க மாட்டோம் என்பதோடு, பழிவாங்கப்பட்டால் என்ன செய்யப்படும் என்றும் சொல்லியிருக்கிறதா? எத்தனை நாளில் பதில்? சென்ற ஆண்டு வந்த புகார்கள் எத்தனை, எவ்வகை, முடிவு என்ன? ஆயிரக்கணக்கான தொழிலாளர் உள்ள சங்கிலியிலிருந்து ஆண்டு முழுவதும் புகாரே வரவில்லை என்றால், அந்த வழி இருப்பதே எவருக்கும் தெரியவில்லை என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். பாலியல் தொல்லை பற்றிய புகார்களுக்குத் தனி வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்; மேற்பார்வையாளரைப் பற்றிய புகார் அதே மேற்பார்வையாளர் கையில் இருக்கும் பெட்டிக்குள் விழுவது அரிதல்ல.

சட்டம் பின்னால் இருக்கிறதா

சட்டத்தின் பேரில் வந்த அறிக்கை என்பதால் மட்டும் அதற்கு மதிப்புக் கூடிவிடாது. எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனின் 2015 நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்களை ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடச் சொல்கிறது. ஆனால் "எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று அறிக்கையில் சொல்வதையும் அது அனுமதிக்கிறது. பிரான்சின் 2017 சட்டமோ, பெரிய நிறுவனங்கள் ஆபத்துகளைக் கண்டறிந்து தடுக்கும் திட்டத்தை வெளியிட்டுச் செயல்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டு, செய்யாவிட்டால் நீதிமன்றம் செல்லவும் வழி தருகிறது. அந்த வழியில் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், 2023 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அஞ்சல் நிறுவனமான லா போஸ்ட் தன் ஆபத்து வரைபடத்தை, அதாவது எங்கே எந்த ஆபத்து எவ்வளவு கடுமையானது என்று வரிசைப்படுத்தும் பகுதியை, திருத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. இதே நோக்கில் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஆணையின் நடைமுறைத் தேதி அடுத்த ஆண்டே தள்ளிவைக்கப்பட்டது. ஆகவே அதைக் காட்டி ஒரு நிறுவனம் தன் கடமையை விவரித்தால், எந்தத் தேதியின் நிலவரம் அது என்று பாருங்கள்.

நார்வேயின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வாசகருக்கு நேரடியாகப் பயன்படும். 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின் கீழ் வரும் நிறுவனத்திடம், அதன் பொருட்களோடு தொடர்புடைய மனித உரிமை ஆபத்துகளை எப்படிக் கையாள்கிறது என்று எவர் வேண்டுமானாலும் எழுத்தில் கேட்கலாம். பொதுவாக மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும், கேள்வி மிக விரிவானதாக இருந்தால் இரண்டு மாதம்.

எழுதிக் கேட்பது

படித்து முடித்ததும் விடை கிடைக்காத கேள்விகளை நிறுவனத்துக்கே அனுப்புங்கள். ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். "மனித உரிமைகளை மதிக்கிறீர்களா" என்று கேட்டால் கொள்கை ஆவணத்தின் இணைப்புதான் பதிலாக வரும். "உங்கள் வழங்குநர் விதிகளின் இன்ன பிரிவில் ஆளெடுப்புக் கட்டணம் தடை என்று இருக்கிறது, சென்ற நிதியாண்டில் எத்தனை தொழிலாளருக்கு எவ்வளவு திருப்பித் தரப்பட்டது" என்பது போலப் பிரிவைச் சுட்டி, எண்ணைக் கேட்டு, காலத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அனுப்பிய தேதியையும் அன்றைய ஆவணத்தின் நகலையும் சேமித்து வையுங்கள், ஏனெனில் இணையதளத்தில் உள்ளது மாறக்கூடும். ஆலைக்குள் இருப்பவர் எவரேனும் உங்களுக்குத் தகவல் தந்திருந்தால், அவரை அடையாளம் காட்டக்கூடிய தேதி, பிரிவு, பணி விவரம் எதையும் கடிதத்தில் வைக்காதீர்கள். அவர் சம்மதித்தாலும் இருமுறை யோசியுங்கள்.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் உறுதிமொழிக்கு முரணான நடப்பை மறைத்தாலோ, இன்னொரு வழி உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) என்ற நாடுகளின் கூட்டமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகள் 1976இல் தொடங்கி, 2011இல் மனித உரிமை அத்தியாயம் சேர்க்கப்பெற்று, 2023இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டவை. இவற்றை ஏற்ற ஒவ்வொரு நாடும் தேசியத் தொடர்பு மையம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். தொழிற்சங்கமோ பாதிக்கப்பட்டவரோ தொண்டு நிறுவனமோ அங்கே முறையீடு செய்யலாம்; மீறல் நடந்த நாட்டில் மையம் இல்லாவிட்டால் நிறுவனத்தின் தாய்நாட்டு மையத்தை நாடலாம். மையத்தால் அபராதம் விதிக்க முடியாது; இரு தரப்பையும் பேச்சுக்கு அழைக்கவும், முடிவில் அறிக்கை வெளியிடவும் மட்டுமே முடியும், அதற்கும் மாதங்கள் ஆகும். முறையீட்டில் நெறிமுறைகளின் எந்தப் பகுதி மீறப்பட்டது, நிறுவனத்துக்கும் அந்த மீறலுக்கும் என்ன தொடர்பு, எந்தத் தீர்வை எதிர்பார்க்கிறீர்கள் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த உறுதிமொழியிலிருந்து நீங்கள் குறித்துவைத்த வரிகளையும், கேள்விக் கடிதத்தையும், வந்த பதிலையும் இணைப்பாகச் சேருங்கள்.